கணக்கில் இல்லாத கால்கள்

25,000 பேருக்கு ஒரு பாரா மெடிக்கல் ஒர்க்கர் என்று டெல்லியில் போட்ட கணக்கில்தான் எனக்கு வேலை கிடைத்தது. 80-களின் நடுப்பகுதி. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், வேர்க்கடலைக் கழனிகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்னத் தொண்டு நிலையம். ஓடு வேய்ந்த புறநோயாளர் பிரிவு, சில கட்டில்கள், செருப்புத் தைக்கும் கொட்டகை, பின்னால் ஒரு கிணறு. தொழுநோய்க்கு மட்டும்தான் அங்கே வைத்தியம். நடத்தியவர்கள் கன்னியாஸ்திரிகள். மருந்துக்கும் கட்டிலுக்கும் வெளிநாட்டிலிருந்து நன்கொடை வரும். என் சம்பளம் மட்டும் மத்திய அரசுடையது.

அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் செட் திட்டம். கணக்கெடுப்பு, கல்வி, சிகிச்சை என்ற மூன்று வேலைகளையும் ஒரு வட்டாரத்துக்குத் தொண்டு நிறுவனத்திடமே ஒப்படைத்து, செலவுக்கு அரசு மானியம் கொடுக்கும். காந்தி நினைவுத் தொழுநோய் அறக்கட்டளையில் டாக்டர் வர்தேகர் 50-களில் செய்து காட்டிய முறை அது. நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், ஆஸ்பத்திரி வீடு வீடாகப் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல முறை. அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து செய்த காரியங்களில் இதைவிட நேர்த்தியான ஒன்றை நான் பார்த்ததில்லை. மானியத் தவணை மட்டும் நேரத்துக்கு வராது. பயன்பாட்டுச் சான்றிதழ், தணிக்கை அறிக்கை எல்லாம் போய்ச் சேர்ந்து பணம் திரும்பி வருவதற்குள் தீபாவளி கழிந்துவிடும். அதுவரை சிஸ்டர்கள் எங்கிருந்தாவது புரட்டி எங்கள் சம்பளத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

வேலை என்றால் பாதி சைக்கிள், பாதி நடை. ஆட்கள் கழனிக்குப் போவதற்குள் முதல் தெருவை முடித்தாக வேண்டும். வீட்டுக்குள் மங்கல் வெளிச்சத்தில் தேமல் தெரியாது, வெயில் வேண்டும். திண்ணையில் உட்காரவைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, முகம், காது மடல், முதுகு, இடுப்பு, தொடை என்று வரிசையாகப் பார்ப்போம். பெண்களைப் பார்க்க எங்களுடன் ஓர் அக்கா வருவார். வெளுத்தோ சிவந்தோ ஒரு படை கண்ணில் பட்டால், கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் லேசாகத் தொடுவோம். "எங்க தொட்டேன், வெரல வெச்சிக் காட்டு." தேமலுக்கு வெளியே தொட்ட இடத்தையெல்லாம் சரியாகக் காட்டும் விரல், தேமலுக்குள் தொட்டதும் மடியிலேயே கிடக்கும். தொட்டதே அவருக்குத் தெரிந்திருக்காது. "தொடு சார், காத்துக்கினு கீறேன்" என்று கண்ணை மூடியபடியே ஒரு பையன் சொன்னான். அதற்குள் நான் நாலு முறை தொட்டிருந்தேன்.

பிறகு முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். தடித்த நரம்பு விரலுக்கடியில் உருண்டு நகரும். அழுத்தினால் ஆள் துடித்துப்போவார். அந்த நரம்பு செத்தால் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கும். முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு போனால் பாதம் தொங்கி, நடக்கும்போது தரையைத் தேய்க்கும். தோலில் தெரிவது தேமல்தான் என்றாலும் நோய் பிடித்துக்கொள்வது நரம்பை. திருமணியில் பயிற்சி எடுத்தபோது எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

எல்லா வீட்டுக்கும் போவதில் ஒரு நன்மை இருந்தது. அதன் அருமை அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. தலைவர் வீடு, வாத்தியார் வீடு, கோயில் பூசாரி வீடு, காலனி வீடு என்று எதையும் விடாமல் ஏறி இறங்குவதால், நோயுள்ள வீட்டுக்கும் நாங்கள் போவது யார் கண்ணையும் உறுத்தாது. முதல் ஆண்டு ஒரு தாய் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். "சார், உங்களக் கும்புட்றேன். மாத்திர குடுக்கறதுக்குன்னு தனியா எங்க வூட்டுக்கு வராதீங்க. பொண்ணு நிக்குது. கணக்கெடுக்க வரச்சொல்ல மட்டும் வாங்க." அவர் மகளுக்கு முதுகில் ஒரே ஒரு தேமல்தான். மருந்து முடியும்வரை அந்தத் தெரு முழுவதையும் மாதம் ஒருமுறை சுற்றி வந்தோம்.

அந்தத் தாயின் பயத்தில் நியாயம் இருந்தது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தால் அதையே காரணமாகக் காட்டி மணமுறிவு கேட்கலாம் என்று சட்டம் சொன்ன காலம் அது. அந்தப் பிரிவுகள் 2019-இல்தான் நீக்கப்பட்டன. நோயாளிகளைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வெள்ளைக்காரர்கள் 1898-இல் போட்ட சட்டம் 2016 வரை ஏட்டில் இருந்தது. ஒரு கையால் எங்களுக்குச் சம்பளம் கொடுத்து வீட்டுக்கு வீடு அனுப்பிய அரசு, இன்னொரு கையில் அந்தச் சட்டங்களையும் வைத்திருந்தது.

கூட்டு மருந்து வந்த பிறகு வேலையின் முகமே மாறியது. அதற்கு முன் டாப்சோன் ஒன்றுதான். அதைப் பலர் ஆயுள் முழுக்கச் சாப்பிட்டார்கள். இப்போது ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமின், டாப்சோன் மூன்றும் சேர்ந்து தேதி வாரியாக ஒரே அட்டையில் வந்தன. பெரியவர்களில் கிருமி அதிகமுள்ளவர்களுக்குச் சிவப்பு அட்டை, குறைவானவர்களுக்கு க்ளோஃபாசிமின் இல்லாத பச்சை அட்டை. மாதத்தின் முதல் வேளையை எங்கள் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று முன்னதாகவே சொல்லிவிடுவோம். சொல்லாமல் விட்டால் ரத்தம் என்று பயந்து அட்டையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். க்ளோஃபாசிமின் உடம்பைக் கறுக்கடிக்கும். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அதனால் பட்ட பாடு கொஞ்சமில்லை. நிறம் திரும்பிவிடும் என்று ஒவ்வொரு மாதமும் எங்களுடன் வந்த அக்காதான் உட்கார்ந்து பேசித் தேற்றுவார். மருந்து இலவசம். பேசித் தேற்றும் அந்த அரை மணி நேரத்துக்குத்தான் செட் மானியத்தில் சம்பளம்.

80-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 10,000 பேரில் நூறு பேருக்கு மேல் தொழுநோயாளிகள். நாட்டிலேயே நோய் மிகுந்த மாநிலங்களில் நாமும் ஒன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் என் வட்டாரத்துப் பதிவேடு மெலிந்துகொண்டே வந்ததை நானே பார்த்தேன். மருந்து வேலை செய்தது. அதை வீடு வரைக்கும் கொண்டுபோன ஏற்பாடும் வேலை செய்தது.

இலக்கு வைத்தவர்கள் எண்ண எடுத்துக்கொண்டது எதை என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டால், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கியதாகக் கொள்ளலாம் என்று 1991-இல் உலக சுகாதார சபை தீர்மானித்தது. 2000-ஆம் ஆண்டுதான் கெடு. இந்தியா அந்தக் கோட்டைத் தொட்டது 2005 டிசம்பரில். கோட்டைத் தொட எண்ணப்பட்டவர்கள் யார் என்றால், அன்றைய தேதியில் பதிவேட்டில் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மட்டும். கடைசி அட்டை முடிந்ததும் பெயருக்கு எதிரே ஆர்.எஃப்.டி. என்று சிவப்பு மையில் எழுதுவோம். சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று பொருள். அத்தோடு அவர் கணக்கில் இல்லை. கிருமி அதிகமுள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டு கொடுத்துவந்த மருந்தை 90-களின் கடைசியில் ஓராண்டாகக் குறைத்தார்கள். மருத்துவக் கண்ணில் அது சரியான முடிவு. ஓராண்டு மருந்தே கிருமியைக் கொன்றுவிடுகிறது என்பதை நோயாளிகளிடமும் பார்த்தோம். ஆனால் 24 மாதம் பதிவேட்டில் இருக்க வேண்டியவர் 12 மாதத்தில் வெளியே போனால், புதிய நோயாளி ஒருவர்கூடக் குறையாவிட்டாலும் பதிவேட்டில் அத்தகையவர்களின் எண் பாதியாகிவிடும்.

ஆர்.எஃப்.டி. ஆனவரின் கால் ஆர்.எஃப்.டி. ஆவதில்லை. கிருமி செத்தாலும் செத்த நரம்பு பிழைத்து வராது. மரத்துப்போன பாதத்தில் முள் ஏறினால் தெரியாது. வெந்நீர் சுட்டால் தெரியாது. செருப்புக்குள் விழுந்த கூழாங்கல்லோடு திருவண்ணாமலை தீபத்துக்கு நடந்துபோய்த் திரும்பிய பெரியவரை நான் அறிவேன். ராத்திரி வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது தண்ணீர் சிவந்ததைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது. தினமும் அரை மணி நேரம் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்த்துப்போன தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். ஆயுள் உள்ளவரை செய்ய வேண்டிய காரியம். செய்தால் புண் வராது. செய்யாவிட்டால் புண், சீழ், எலும்பு அரிப்பு, கடைசியில் கால் எடுப்பது. எந்த விகிதத்திலும் இந்தக் கால்கள் சேரவில்லை.

தமிழ்நாட்டில் 90-களின் கடைசியிலேயே தொழுநோய்ப் பணியைப் பொதுச் சுகாதாரத்தோடு இணைத்துவிட்டார்கள். அரசுப் பணியிலிருந்த லெப்ரசி இன்ஸ்பெக்டர்கள் சுகாதார ஆய்வாளர்களாக மாறினார்கள். மலேரியா, குடிநீர் குளோரின், தடுப்பூசி முகாம் எல்லாவற்றோடும் தொழுநோயும் ஒன்று. எங்களுக்கு உடனே ஆபத்து வரவில்லை. மெல்ல வந்தது. கோட்டைத் தொடும் ஆண்டு நெருங்க நெருங்க, செட் மானியத்தின் விதிகள் மாறின. தொண்டு நிறுவனங்கள் இனி வீடு வீடாகத் தேட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையங்கள் அனுப்பிவைக்கும் சிக்கலான நோயாளிகளையும் ஊனத் தடுப்பையும் பார்த்தால் போதும் என்று சுற்றறிக்கை வந்தது. சிஸ்டர் அதைப் புறநோயாளர் பிரிவு வராந்தாவில் எங்களை உட்காரவைத்து வாசித்தார். நோய் குறைந்ததில் நம் பங்கும் இருக்கிறது, அதற்காக நன்றி சொல்வோம் என்று ஜெபம் செய்தார். பிறகு யார் யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு இருக்காது என்று சொல்ல ஆரம்பித்தபோது குரல் கம்மிவிட்டது.

சுகாதாரக் கல்வியாளராக இருந்த அண்ணன் எல்.ஐ.சி. முகவரானார். காது மடலில் சிறு கீறல் போட்டுச் சாறெடுத்து நுண்ணோக்கியில் கிருமி எண்ணுவதில் எங்கள் லேப் டெக்னீஷியனுக்கு இணையில்லை. அவர் டவுனில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் சர்க்கரை பார்க்கப் போனார். பெண்களைப் பார்த்த அக்கா வீட்டோடு நின்றுவிட்டார். புண்களைக் கட்டவும் செருப்புக் கொட்டகையைக் கவனிக்கவும் என்னை வைத்துக்கொண்டார்கள். சம்பளம் வெளிநாட்டு நன்கொடையிலிருந்து.

இணைப்பே தவறு என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நோய்க்கென்று தனிக் கட்டடம், தனி ஆள், தனி வாசல் இருந்தவரை அந்த வாசலில் நுழைகிறவர் மேல் ஊரே முத்திரை குத்திக்கொண்டுதான் இருந்தது. எங்கள் நிலையத்தின் பெயரைச் சொன்னாலே பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகும். இணைப்புக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தேன்: கர்ப்பிணிகளுக்கும் இருமல்காரர்களுக்கும் நடுவே வரிசையில் நின்று ஓர் இளைஞன் சிவப்பு அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரும் திரும்பிக்கூடப் பார்க்காமல், வெளியே வந்து பைக்கை எடுத்துக்கொண்டு போனான். எங்கள் நிலையத்தின் அத்தனை அன்பாலும் அவனுக்குக் கொடுத்திருக்க முடியாத ஒன்று அது. அதைக் கொடுத்தது அரசின் கொள்கைதான்.

நான் தவறு என்று சொல்வது, தேடுவதை நிறுத்தியதை. இணைப்பும் தேடலும் சேர்ந்தே நடந்திருக்கலாம். தேமல் வலிக்காது, அரிக்காது. அதற்காகக் கூலியை விட்டுவிட்டு யாரும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். தேடாத ஊரில் நோய் இல்லாமல் போவதில்லை, தெரியாமல் போகிறது. தகவல் வந்தால் மட்டும் ஓர் ஊழியர் குறிப்பிட்ட ஒரு வீட்டுக்குப் போவது என்று ஆனபோது, அந்தத் தாய் எதற்குப் பயந்தாரோ அதுவே நடைமுறையாகிவிட்டது. எந்த வீடு என்று தெருவுக்கே தெரிந்தது. ஆகவே தகவலும் வரவில்லை.

கோட்டைத் தொட்ட பிறகு பத்து ஆண்டுகள், நாடு முழுவதும் புதிய நோயாளிகள் எண்ணிக்கை ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சத்தை ஒட்டியே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர்களில் நூற்றுக்கு ஒன்பது பத்து பேர் குழந்தைகள். குழந்தைக்கு நோய் வருகிறதென்றால் வீட்டிலோ பக்கத்திலோ மருந்து சாப்பிடாத பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். இந்தத் துறையில் புதிதாகச் சேர்ந்தவருக்குக்கூட இது தெரியும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பையன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் எங்களிடம் வந்தான். என் பழைய வட்டாரத்து ஊர். கணக்கெடுப்பு நின்றபோது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். துணியைப் பிடிக்க விரல் நிற்கவில்லை என்பதுதான் அவன் சொன்ன குறை. இரண்டு விரல்கள் மடங்கியிருந்தன. முழங்கையைத் தொட்டதுமே சுருங்கினான். முதுகில் பழைய தேமல். அதற்கு ஓராண்டுக்கு மேலாகப் படர்தாமரைக் களிம்பு தடவியிருக்கிறான். விரல் பலவீனத்துக்கு வைட்டமின் ஊசி. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போயிருக்கிறான். அங்கிருந்த இளம் டாக்டர் தொழுநோயைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நோய் ஒழிந்தது என்று நாட்டுக்கே சொல்லிவிட்ட பிறகு படித்து வந்தவர் அவர்.

நரம்பு செயலிழக்கத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் பிரட்னிசோலோன் கொடுத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அவன் வந்தபோது அந்தக் காலம் கடந்திருந்தது. தசைநாரை மாற்றிப் பொருத்தி மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் 40-களின் கடைசியில் செய்து காட்டினார். இன்று அதை இலவசமாகவே செய்துகொள்ளலாம். கூலி இழப்புக்காக அரசு ஊக்கத்தொகையும் கொடுக்கிறது. அவனுக்கும் செய்தார்கள். விரல் நிமிர்ந்தது, பட்டன் போடுகிறான், பேனா பிடிக்கிறான். உணர்ச்சி வரவில்லை. பனியன் கம்பெனிக்குத் திரும்பிப் போக முடியவில்லை. திண்ணையில் ஒரு பேனா முனையோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

2016-இல் அரசே மனம் மாறி, நோய் மிகுந்த மாவட்டங்களில் மறுபடி வீடு வீடாகத் தேடும் இயக்கத்தைத் தொடங்கியது. அந்த ஆண்டிலேயே முப்பதாயிரத்துக்கும் அதிகமான புதிய நோயாளிகள் கிடைத்தார்கள். எங்கள் பக்கத்திலும் பயிற்சி கொடுக்க ஆள் தேடினார்கள். ஆர்.எஃப்.டி. ஆனவர்களைப் போல நாங்களும் பதிவேட்டிலிருந்து வெளியே போயிருந்தோம். எல்.ஐ.சி. அண்ணனைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். இளம் செவிலியர்களுக்கு நரம்பைத் தடவச் சொல்லிக்கொடுத்தபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன்.

இந்தக் காலமெல்லாம் எங்கள் நிலையம் உயிரோடு இருந்ததற்குக் காரணம் செருப்புக் கொட்டகை. அங்கே தைத்தவர் எங்கள் பழைய நோயாளி. குணமானதும் சிஸ்டர்கள் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். மடங்கிய விரல்களோடேயே தைப்பார். வந்தவரைச் செய்தித்தாள் மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைவார். எங்கே அழுத்தம் அதிகம், எங்கே பழைய புண் தழும்பு, எங்கே விரல் தேய்ந்துபோயிருக்கிறது என்று வரைபடத்தில் பெருக்கல் குறி போடுவார். உள்தளத்துக்கு எம்.சி.ஆர். ரப்பர்: இரு விரலுக்கு நடுவே அழுத்தினால் அமுங்கி, விட்டதும் மீளும் வகை. அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி மட்டும் கூடாது. எல்லாமே ஒட்டுவதும் தைப்பதும்தான். மரத்த பாதத்துக்குள் ஆணி ஏறினால் அது அங்கேயே இருக்கும். செருப்பு காலை விட்டுக் கழன்றாலும் தெரியாது என்பதால் பின்வார் வேண்டும். ஒரே மாதிரி கறுப்புச் செருப்பாகத் தைத்தால் பார்த்தவுடன் ஊர் கண்டுபிடித்துவிடும் என்று பெண்களுக்குத் தவிட்டு நிறத்திலும் சிவப்பிலும் வார் வைப்பார்.

அரசும் எம்.சி.ஆர். செருப்பு கொடுக்கிறது, ஆண்டுக்கு இரண்டு ஜோடி. மறுக்கவில்லை. அது ஆறு, ஏழு, எட்டு என்று அளவு வாரியாக மூட்டையில் வரும். விரல்கள் கரைந்து குட்டையாகிப்போன பாதத்துக்கு எந்த எண்? மூட்டையிலிருந்து எடுத்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வருவார்கள், வெட்டித் திருத்திக் கொடுக்கச் சொல்லி.

அந்தக் கொட்டகைக்கும் புண் கட்டும் வண்டிக்கும் வந்த பணம் எங்களுக்கு நேராக வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. இந்தியாவில் இருக்கும் ஒரு பெரிய அமைப்பு நன்கொடை வாங்கி, எங்களைப் போன்ற சின்ன நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவந்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணத்தை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுப்பதே கூடாது என்றாகிவிட்டது. எங்களுக்கென்று தனிப் பதிவு இருந்தது. ஆனால் நேராகக் கொடுக்க வெளிநாட்டில் எங்களை யாருக்கும் தெரியாது. நேராக வாங்குவதென்றாலும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் திறந்தால்தான் முடியும். கொரோனா இரண்டாம் அலையில் நாடு மூச்சுக்குத் திணறிய மாதங்களில், சிறிய அமைப்புகள் பல அந்தக் கணக்கு எண்ணுக்காகக் காத்திருந்தன.

அதே திருத்தத்தில், நிர்வாகச் செலவு நூற்றுக்கு ஐம்பது வரை போகலாம் என்றிருந்ததை இருபதாகக் குறைத்தார்கள். பெரிய அலுவலகங்களில் வீண்செலவு நடக்கிறது, வந்த பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். கணக்குக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் கொடுத்தோம். ஆனால் விதியின்படி வண்டி ஓட்டும் செலவும் நிர்வாகச் செலவு. வீட்டுக்குப் போய்ப் புண் கட்டுகிறவனுக்கு வண்டிதான் ஆஸ்பத்திரி. டீசலைக் குறைத்தால், குறைவது கட்டுப் போடப்படும் கால்கள்தான். அடுத்த ஆண்டு புண் கட்டும் வண்டி நின்றது. பஸ் போகாத கிராமங்களில் இருந்த கிழவர்கள் எங்களுக்காகக் காத்திருந்து, பிறகு காத்திருப்பதை விட்டார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவந்தது. ஊறவைத்து, தேய்த்து, எண்ணெய் போட்டு இருபது வருஷம் நான் காப்பாற்றிவைத்த கால்கள்.

நன்கொடைக்கு உள்ளூரில் அலைந்தோம். ஒரு தொழிற்சாலையின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டால், ஓராண்டில் காட்டக்கூடிய பலன் என்ன என்று கேட்டார்கள். புண் வராமல் இருப்பதுதான் பலன் என்றோம். படம் எடுக்க ஏதாவது வேண்டும் என்றார்கள். கடைசியில் கை கொடுத்தவர்கள் அரிசி ஆலைக்காரர் ஒருவரும், அந்தக் காலத்தில் நாங்கள் கண்டுபிடித்து மருந்து கொடுத்துக் குணமான ஒருவரின் மகளும். அந்தப் பெண் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறார். மாதா மாதம் அனுப்புகிறார்.

இன்னொரு வழி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிறந்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. வாசலுக்குப் போகும் ஆட்கள் மறுபடி வந்துவிட்டார்கள் என்று கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சர்க்கரைக்காரரின் மரத்துப்போன பாதமும் எங்கள் ஆட்களின் பாதமும் ஒன்றுதான்; இரண்டுக்கும் அதே தண்ணீர், அதே எண்ணெய், அதே எம்.சி.ஆர். ரப்பர். எங்கள் பகுதி மருத்துவ அலுவலர் ஒரு பெண். அவரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் அன்றைக்கே தன் கிராமத்துத் தன்னார்வலர்களைக் கூட்டி, மருந்து கொடுக்கும்போது காலையும் திருப்பிப் பாருங்கள், பேனாவால் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

இப்போது மாதம் ஒரு நாள் அந்த நிலையத்தின் வராந்தாவில் பாதப் பிரிவு நடக்கிறது. பிளாஸ்டிக் பேசின்களில் காலை நனைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பழைய தொழுநோய் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற வாத்தியாரும், எங்கள் கூழாங்கல் பெரியவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறார்கள். ரப்பர் ஷீட்டுக்கு நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்து மருத்துவ அலுவலர் வழி செய்தார். மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் அரசு இருக்கிறது. எங்கள் நிலையம் தருவது என்னையும் செருப்புத் தைப்பவரையும்தான்.

மாவட்ட அலுவலகத்துக்கு இந்த ஆண்டும் மனு எழுதியிருக்கிறோம். எல்லா வீட்டையும் விடாத முழுக் கணக்கெடுப்பு குறிப்பிட்ட இடைவெளியில் தவறாமல் நடக்க வேண்டும். பிரட்னிசோலோன் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கையிருப்பு இருக்க வேண்டும். மருந்து முடித்தவர்களின் கால்களுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு செருப்புத் தைப்பவருக்குச் சம்பளம் வேண்டும். முதல் மூன்றையும் பரிசீலிப்பதாக அதிகாரி சொன்னார், மனதோடுதான் சொன்னார். நான்காவதற்குக் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, செருப்பு வாங்கத் தலைப்பு இருக்கிறது, தைப்பவருக்குச் சம்பளம் கொடுக்க எந்தத் தலைப்பும் இல்லை என்றார். சென்னைக்கு எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள் என்றார். எழுதிவிட்டோம்.

செருப்புத் தைப்பவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. திருப்பூரிலிருந்து திரும்பி வந்த அந்தப் பையன் இப்போது அவரிடம் தொழில் கற்றுக்கொள்கிறான். வரைபடத்தில் பெருக்கல் குறி போடும் இடம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. ஊசி பிடிப்பதற்கு மரக் கைப்பிடி ஒன்று செய்து கொடுத்திருக்கிறோம். அரிசி ஆலைக்காரர் மார்ச் வரை அவனுக்குக் கூலி தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏப்ரலிலிருந்து யார் தருவது என்று இன்னும் முடிவாகவில்லை.